வரைபட மேஜை முதல் காயலான் கடை வரை

நம் சங்க உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் இன்ஜினீயரிங் படித்துவிட்டு சென்னை, ஓசூர், பெங்களூர் என்று வேலைக்குப் போயிருக்கிறார்கள். "பையனுக்கு என்ன வேலை?" என்று விசாரித்தால், "ஏதோ பி.எல்.எம். என்கிறான், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்வது" என்று பதில் வருகிறது. சம்பளத்தைச் சொல்லத் தெரிகிறது. வேலையைச் சொல்லத் தெரியவில்லை.

பி.எல்.எம். என்பது 'பிராடக்ட் லைஃப்சைக்கிள் மேனேஜ்மென்ட்' என்பதன் சுருக்கம். பொருளின் ஆயுட்கால நிர்வாகம் என்று தமிழில் சொல்லலாம். ஒரு பொருளைச் செய்யலாம் என்று யோசித்த நாள் தொடங்கி அதன் வரைபடம், பாகங்கள், தயாரிப்பு, விற்பனை, ரிப்பேர், கடைசியில் அது காயலான் கடைக்குப் போகும் நாள் வரை உள்ள சகல விவரங்களையும் ஒரே பேரேட்டில் வைத்து நடத்துவதுதான் அது. பேரேடு எழுதிப் பழகிய வியாபாரிக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. ஆனால் பிள்ளைகளின் வேலை என்ன என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. இந்தக் கணக்கு எங்கோ ஒரு கம்பெனியில் பிசகினால், அது தேங்கிய சரக்காக வந்து விழும் இடம் கடைக்காரனின் கிடங்குதான். ஆகவே நாமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

விளக்குவதற்கு நம் கடை வாசலில் நிற்கும் வண்டியே போதும். இங்கிருந்து செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகப் போனால் ஓசூர். அந்த ஊர்த் தொழிற்சாலையிலிருந்து 1980-ல் டி.வி.எஸ். 50 என்ற மொபெட் வெளிவந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகலாம் என்ற வசதியோடு நம் நாட்டில் வந்த முதல் மொபெட் அது. அதற்கு முன் மளிகைக்காரருக்கு சைக்கிள் கேரியர், தள்ளுவண்டி, மாட்டுவண்டி இவைதான் கதி. இன்று அதே வம்சத்து எக்ஸ்.எல். வண்டியில் முன்னால் காலடியில் அரிசி மூட்டையைக் கிடத்தி, பின்னால் எண்ணெய் டின்னைக் கட்டி, இரு பக்கமும் பைகளை மாட்டிக்கொண்டு தண்டராம்பட்டுக்கும் வேட்டவலத்துக்கும் போகிற சில்லறை வியாபாரிகளை தினமும் பார்க்கிறோம்.

பார்வைக்கு அதே வண்டி மாதிரி இருக்கும். உள்ளே பார்த்தால் ஏறக்குறைய எதுவுமே பழையது கிடையாது. 50 சி.சி. இன்ஜினாக ஆரம்பித்தது, எக்ஸ்.எல். சூப்பரில் 70 சி.சி. அளவுக்கு வந்தது. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100-ல் 99.7 சி.சி. ஆனது. டூ-ஸ்ட்ரோக் போய் ஃபோர்-ஸ்ட்ரோக் வந்தது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றிப் பழகிய நம்மவர்களுக்கு, ஆயிலுக்குத் தனி இடம், பெட்ரோலுக்குத் தனி இடம் என்பது மனதில் பதியவே கொஞ்ச நாள் ஆயிற்று. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது கார்புரேட்டரும் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. ஆனால் காலடியில் மூட்டை வைக்கும் இடம் போகவில்லை. கியர் போடாமல் ஓட்டும் முறையும் போகவில்லை. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதை ஒரு கம்பெனி நாற்பது வருஷத்துக்கு மேல் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்றால், அது யாரோ ஒரு பெரியவரின் தலைக்குள் மட்டும் இருந்தால் போதாது. எழுத்தில் இருக்க வேண்டும்.

சாம்பார் பொடிச் சீட்டு

அந்த எழுத்தில் முதலாவது பாகங்களின் பட்டியல். சாம்பார் பொடி அரைத்து பாக்கெட் போடுகிறவரிடம் ஒரு சீட்டு இருக்கும். மல்லி இவ்வளவு, மிளகாய் இவ்வளவு, துவரம்பருப்பு, வெந்தயம், மஞ்சள் இவ்வளவு என்று. கெட்டிக்காரராக இருந்தால் கவர், லேபிள், அட்டைப்பெட்டி, ஒட்டும் டேப் எல்லாவற்றையும் அதிலேயே எழுதி வைத்திருப்பார். வண்டிக்கும் அப்படி ஒரு சீட்டு உண்டு. ஆனால் அது அடுக்கடுக்காகப் போகும். வண்டிக்குள் இன்ஜின், இன்ஜினுக்குள் கார்புரேட்டர், கார்புரேட்டருக்குள் ஜெட், வாஷர், ஸ்குரூ. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். ஒரே போல்ட் எட்டு இடத்தில் போட்டால் எட்டு இடத்திலும் அதே நம்பர்.

இந்தச் சீட்டை வரைபடக்காரர் பார்க்கிறார், கொள்முதல் செய்கிறவர் பார்க்கிறார், ஸ்டோர் கீப்பர் பார்க்கிறார், அடக்கவிலை போடுகிறவர் பார்க்கிறார், மெக்கானிக்குக்குப் புத்தகம் அச்சடிக்கிறவரும் பார்க்கிறார். ஐந்து பேரும் ஐந்து நகல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று வியாபாரிக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. கடையில் ஒரு சிட்டை, வீட்டில் ஒரு சிட்டை, கணக்குப்பிள்ளையிடம் ஒரு சிட்டை என்று வைத்தவர்கள் வருஷக் கடைசியில் படும் பாட்டைப் பார்த்திருக்கிறோம்.

இதை முதலில் பெரிய அளவில் சரி செய்ய முயன்றது அமெரிக்காவில் ஒரு சிறிய கம்பெனி. 1985 வாக்கில் ஜீப் வண்டி செய்துகொண்டிருந்த அமெரிக்கன் மோட்டார்ஸ், தன்னைவிடப் பல மடங்கு பெரிய மூன்று கம்பெனிகளோடு போட்டி போட வேண்டியிருந்தது. அவர்களைப் போல ஆள் வைக்கப் பணமில்லை. ஆகவே வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, எல்லாக் காகிதங்களையும் ஒரே பொது இடத்தில் வைத்து, யார் என்ன மாற்றினாலும் மற்றவர்களுக்கு உடனே தெரியும்படி செய்தார்கள். வேலை வேகமாக நடந்தது. 1987-ல் கிரைஸ்லர் கம்பெனி அமெரிக்கன் மோட்டார்ஸை விலைக்கு வாங்கியபோது இந்த முறையும் அங்கே போய்ச் சேர்ந்தது. இன்று பிரான்ஸின் டசால்ட், ஜெர்மனியின் சீமன்ஸ், அமெரிக்காவின் பி.டி.சி. ஆகியவை இதற்கான சாஃப்ட்வேர் விற்கின்றன. நம் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கும் திரை பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

பேரேடு ஒன்றாக இல்லாததால் வந்த வினைக்கு உலகம் அறிந்த உதாரணம் ஏர்பஸ் ஏ380 விமானம். இரண்டு மாடி விமானம். ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், ஸ்பெயின் என்று நாலு நாட்டில் பாகங்கள் செய்து, பிரான்ஸில் துலூஸ் நகரில் ஒன்று சேர்த்தார்கள். ஒரு விமானத்துக்குள் ஓடும் மின்சார ஒயரின் நீளம் மட்டும் 500 கிலோமீட்டருக்கு மேல். ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் இருந்தவர்கள் வரைபட சாஃப்ட்வேரின் பழைய பதிப்பை வைத்திருந்தார்கள். துலூஸில் இருந்தவர்கள் புதிய பதிப்பை வைத்திருந்தார்கள். ஒருவர் பட்டணம் படியில் அளந்ததை மற்றவர் கிலோவில் எழுதிக்கொண்ட மாதிரி. ஒயர்க் கட்டுகளைக் கொண்டுவந்து பொருத்தினால் பல இடங்களில் நீளம் போதவில்லை. சில சென்டிமீட்டர் குறைச்சல்தான். ஆனால் ஒயரை இழுத்து நீட்ட முடியாதே! 2006-ல் இந்தக் குளறுபடி வெளியே வந்தது. டெலிவரி ஏறத்தாழ இரண்டு வருஷம் தள்ளிப்போய், 2007 அக்டோபரில்தான் முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குக் கிடைத்தது. கம்பெனியின் தலைமைப் பதவியில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அத்தனை பெரிய படிப்புப் படித்தவர்களுக்கும் வந்த சிக்கல், இரண்டு நோட்டு வைத்த சிக்கல்தான்.

மாற்றச் சீட்டும் பழைய இருப்பும்

ஒரு பொருள் விற்பனைக்கு வந்த பிறகும் மாறிக்கொண்டே இருக்கும். சரக்கு சப்ளை செய்கிறவர் மாறுவார், ஒரு பாகம் அடிக்கடி உடையும், அரசு புது விதி போடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கம்பெனியில் ஒரு மாற்றச் சீட்டு எழுதுகிறார்கள். யார் கேட்டது, என்ன காரணம், யார் கையெழுத்து, எந்த சேஸிஸ் நம்பர் வண்டியிலிருந்து புதுப் பாகம், ஸ்டோரில் இருக்கும் பழைய பாகத்தை என்ன செய்வது என்ற ஐந்துக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். ஐந்தாவது கேள்வி நம் தொழிலின் கேள்வி. பழையதைத் தீர்த்துவிட்டுப் புதியதை எடுப்பதா, பழையதைத் திருத்திப் பயன்படுத்துவதா, எடைக்குப் போடுவதா? 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோதும், 2025 செப்டம்பர் 22-ம் தேதி அதன் வரி விகிதங்கள் மாறியபோதும் பழைய விலை அச்சடித்த சரக்கை வைத்துக்கொண்டு நாம் விழித்தோமே, அதே கேள்விதான்.

உதிரி பாகக் கடை வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு முக்கியமான விதி இருக்கிறது. புதிதாக மாற்றிய பாகம் பழைய வண்டியிலும் எந்த வித்தியாசமும் இல்லாமல் பொருந்தி, அதே வேலையைச் செய்தால், நம்பரை மாற்றவேண்டியதில்லை; திருத்தத்தின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டால் போதும். உருவத்திலோ, பொருந்துவதிலோ, செய்யும் வேலையிலோ வித்தியாசம் வந்து பழையதற்குப் பதிலாகப் போட முடியாமல் போனால், கட்டாயம் புது நம்பர் கொடுக்க வேண்டும். இந்த ஒரு விதியைக் கம்பெனி ஒழுங்காகக் கடைப்பிடித்தால் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நம்பரைப் பார்த்து எடுத்துக் கொடுக்கலாம். கடைப்பிடிக்காவிட்டால், "இது பொருந்தவில்லை" என்று திரும்பி வரும் டப்பாக்கள் அலமாரியில் சேர்ந்துகொண்டே போகும். எண்ணெய்க் கறை படிந்து பிரித்த டப்பாவைக் கம்பெனி திரும்ப எடுக்காது.

இரண்டே நாள்

ஒரு பொருளின் ஆயுள் முடியும் தேதியைச் சரியாகத் திட்டமிடாவிட்டால் யார் தலையில் விடியும் என்பதற்கு 2017 மார்ச் மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.-4 விதி என்பது முன்பே தெரிந்த விஷயம். ஆனால் வண்டிக் கம்பெனிகள், அந்தத் தேதிக்குப் பிறகு பழைய பி.எஸ்.-3 வண்டியைத் தயாரிக்கத்தான் கூடாது, தயாரித்து வைத்ததை விற்கலாம் என்று பொருள் கொண்டிருந்தன. விவகாரம் உச்ச நீதிமன்றம் போயிற்று. மார்ச் 29-ம் தேதி உத்தரவு வந்தது: ஏப்ரல் 1 முதல் விற்பனையும் கூடாது. அன்றைக்குக் கையிருப்பு ஏறத்தாழ 8 லட்சத்து 24 ஆயிரம் வண்டிகள். அதில் இரு சக்கர வண்டிகள் மட்டும் 6 லட்சத்து 71 ஆயிரம்.

மிச்சம் இருந்தது இரண்டு நாள். நாடெங்கும் ஷோரூம்களில் ஆயிரக்கணக்கில் தள்ளுபடி அறிவித்தார்கள். தீபாவளிக் கூட்டம் மாதிரி ஜனங்கள் வந்து நின்றார்கள். பல கடைகளில் 31-ம் தேதிக்கு முன்பே இருப்பு தீர்ந்து, கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. வாங்கியவர்களுக்குக் கொண்டாட்டம். விற்ற டீலர் நிலைமையை நாம்தான் யோசித்துப் பார்க்க முடியும். வட்டிக்கு வாங்கிய பணத்தில் சரக்கு எடுத்து, லாபமில்லாமல், சில சமயம் அடக்கத்துக்கும் கீழே தள்ளிவிட்டு, கம்பெனி எவ்வளவு ஈடு கொடுக்கும் என்று காத்திருப்பது எப்படி இருந்திருக்கும்! என்னைக் கேட்டால், விதி வந்தது குற்றமில்லை. புகை குறைந்தால் நமக்குத்தான் நல்லது. உற்பத்தியை எந்த மாதம் நிறுத்தினால் வழியில் இருக்கும் லாரிச் சரக்கும் டீலர் கிடங்குச் சரக்கும் எந்த மாதம் தீரும் என்ற கணக்கைப் பின்னாலிருந்து போட்டிருக்க வேண்டும். பொருளின் ஆயுட்கால நிர்வாகத்தில் கடைசி அத்தியாயம் அதுதான். பெரும்பாலோர் கவனமாக எழுதாத அத்தியாயமும் அதுதான். பி.எஸ்.-6 விஷயத்தில், 2020 மார்ச் 31-க்குப் பிறகு பழைய வண்டி விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே கம்பெனிகள் முன்கூட்டியே மாடல்களை மாற்றத் தொடங்கின. அந்த முறை கடைசி வாரத்தில் கொரோனா ஊரடங்கு வந்து கடைகளைச் சாத்தியது. அதற்கு யாரும் கணக்குப் போட்டிருக்க முடியாது.

விற்பனை நின்றாலும் வண்டி ஓடுவது நிற்காது. டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். இன்றும் நம் மாவட்டத்துக் கிராமங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு பிஸ்டன் வேண்டும், ரிங் வேண்டும், கேபிள் வேண்டும். வருஷா வருஷம் தேவை குறையும். ஒரேயடியாக நின்றும் போகாது. எத்தனை வருஷம் வரை எத்தனை செட் செய்து வைப்பது என்பது கம்பெனிக்கு ஒரு தீராத கணக்கு. அசல் கிடைக்காத இடத்தில் போலி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நம் கடைக்குள்ளேயும் பார்ப்போம். எனக்குத் தெரிந்த ஒரு மொத்தக் கடையில் பாக்கெட் போடும் இயந்திரம் ஒன்று வாங்கினார்கள். பளபளவென்று இருந்தது, வேலையும் நன்றாகச் செய்தது. ஆறாவது வருஷம் சூட்டைக் கட்டுப்படுத்தும் கார்டு போய்விட்டது. விற்ற வெளியூர்க் கம்பெனியைக் கேட்டால், "அந்த மாடலை நிறுத்திவிட்டோம், கார்டு வராது, புது மெஷின் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். இரும்பும் மோட்டாரும் இன்னும் பத்து வருஷம் உழைக்கும். கையகலக் கார்டு ஒன்றுக்காக முழு இயந்திரமும் மூலையில் நிற்கிறது. விற்கும்போது ஆயுளைச் சொல்லாத பொருளின் விலை பில்லில் இருப்பது மட்டும் இல்லை.

திரும்பி வரும் சரக்கு

பேரேடு ஒழுங்காக இருந்தால் இன்னொரு பலன், தவறான சரக்கைத் திருப்பி அழைக்க முடிவது. ஒரு வண்டியில் பிரேக் பாகம் சரியில்லை என்று தெரிந்தால், அந்தப் பாகம் எந்தத் தேதியில் வந்தது, எந்த சேஸிஸ் நம்பர் முதல் எதுவரை போட்டது என்று பார்த்து, அந்த வண்டிகளை மட்டும் கூப்பிடலாம். பேரேடு இல்லையென்றால் எல்லா வண்டியையும் கூப்பிட வேண்டும், அல்லது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, பழுதுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லிக் கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது.

மளிகையில் இதை நாம் நேரில் அனுபவித்தது 2015 ஜூனில். மேகி நூடுல்ஸில் ஈயம் அதிகம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சரக்கைத் திரும்பப் பெறச் சொன்னது. நாட்டின் மூலை முடுக்குக் கடைகளிலிருந்தெல்லாம் பாக்கெட்டுகள் வந்த வழியே திரும்பிப் போயின. 30 ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட சரக்கை சிமெண்ட் ஆலைகளின் உலையில் போட்டு எரித்தார்கள். ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. புதிதாகச் சோதனை செய்த பிறகு நவம்பரில் மேகி மறுபடி கடைக்கு வந்தது. யார் பக்கம் நியாயம் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. நான் கவனித்தது, சரக்கு வந்த வழி தெரிந்திருந்ததால்தான் அவ்வளவையும் திரும்பக் கூட்ட முடிந்தது என்பது. மருந்துக் கடைக்காரர் பில்லில் பேட்ச் நம்பர் இருக்கும். நம் மளிகை பில்லில் பெரும்பாலும் இருக்காது. மொத்த வியாபாரி தன் கைச்சாத்தில் பேட்ச் நம்பரையும் ஒரு பத்தியாகச் சேர்த்தால், நாளைக்கு ஒரு லாட் எண்ணெயிலோ மிளகாய்த் தூளிலோ குறை வந்தால் பத்து டின்னோடு போகும். முழு இருப்புக்கும் சீல் விழாது. எழுதும் நேரம் ஒரு வரிக்கு சில விநாடிதான்.

கடைசியில் காயலான் கடை. முன்பெல்லாம் கம்பெனிக்கும் காயலான் கடைக்கும் சம்பந்தமே கிடையாது. இப்போது அப்படி இல்லை. ஆயுள் முடிந்த வண்டிகளைப் பற்றிய மத்திய அரசு விதிகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றின்படி வண்டி செய்தவருக்கும் அதன் முடிவில் பொறுப்பு உண்டு. பேட்டரிக்கு 2022-லேயே இதே போன்ற விதி வந்துவிட்டது. ஆகவே வரைபடம் போடும்போதே, இதை எப்படிக் கழற்றுவது, எது உருக்கப் போகும், எதில் விஷம் இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. காயலான் கடைக்காரர் சம்மட்டி கொண்டு பிரிப்பதை இன்ஜினீயர் காகிதத்தில் முன்கூட்டியே பிரித்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் தராசோ, பாக்கெட் இயந்திரமோ, குளிர்பதனப் பெட்டியோ வாங்கும்போது விலையை அடித்துப் பேசுகிறோம். அதோடு இன்னும் நாலு கேள்வி கேட்கலாம். இந்த மாடல் எந்த வருஷம் வந்தது? பாகங்களின் நம்பர் போட்ட புத்தகம் தருவீர்களா? மாடல் நின்ற பிறகு எத்தனை வருஷம் பாகம் கிடைக்கும் என்று பில்லில் எழுதித் தருவீர்களா? கார்டு போனால் கார்டை மட்டும் மாற்ற முடியுமா? எழுதித் தர மறுப்பவர் விலை நூறு ரூபாய் குறைவாக இருந்தாலும் யோசிக்க வேண்டியதுதான்.

ஏட்டுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. மின்னணுத் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு முறை முத்திரை போடுகிறோம். அந்தச் சான்றிதழில் தராசின் மாடலும் வரிசை எண்ணும் இருக்கும். அதை ஒரு நோட்டில் முதல் பக்கத்தில் ஒட்டி, வாங்கிய தேதி, விற்றவர், மாற்றிய பேட்டரி, ரிப்பேர் செலவு என்று கீழே எழுதிக்கொண்டு வந்தால் தராசின் கணக்கு ஆயிற்று. அடுத்த பக்கத்தில் பாக்கெட் இயந்திரம், அதற்கடுத்து ஃப்ரிட்ஜ், பில் போடும் பிரிண்டர். எக்ஸ்.எல். வண்டிக்கு மட்டும் இரண்டு பக்கம் விட்டு வையுங்கள்; அதற்கு எழுத நிறைய இருக்கும்.